சேவல் மார்க்கும் சிங்கக் கொடியும்

விருதுநகரின் பழைய பெயரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. பல சீமைகளை வென்ற வீரன் ஒருவன், தோற்றவர்களிடம் பறித்த விருதுகளையெல்லாம் ஏந்திக்கொண்டு இங்கே வந்தான். என்னோடு மோத ஆள் உண்டா என்று கேட்டான். உள்ளூர்க்காரன் ஒருவன் எதிர்த்து நின்று அவனை வெட்டிச் சாய்த்து, விருதுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டான். அதனால் ஊர் விருதுவெட்டி ஆயிற்று; விருதுபட்டி என்று மருவி, 1923இல் விருதுநகர் ஆனது.

கதை நடந்ததா என்று கேட்பதில் பயன் இல்லை. அது சொல்லும் வழக்கம் மெய்யானது. பழைய தமிழ் அரசுகளில் கொடியும் குடையும் முரசும் சும்மா அலங்காரமாக இருந்ததில்லை. தோற்றவனிடம் இருந்து பறிக்கத்தக்க சொத்தாக இருந்தன. கொடியில் ஒரு விலங்கு இருந்தால் அந்த விலங்கும் கைமாறும். சேதுபதிகளின் செப்பேடுகளில் அனுமக்கொடி உடையவன், கருடக்கொடி உடையவன் என்று பட்டங்கள் அடுக்கி வரும். 1985 வரை விருதுநகர் வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதால் அந்தப் பட்டங்கள் இந்த மண்ணுக்கு அயல் அல்ல. ஒருவனுக்கு எதற்கு இரண்டு கொடி என்று இன்று தோன்றலாம். அக்காலத்தில் கொடிகள் கூடக் கூடத்தான் பெருமை.

இந்தக் கைமாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது சோழர்களின் செப்பேட்டு முத்திரை. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்திருக்கும் வளையத்தில் வட்டமான முத்திரை ஒன்று இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் புலி, அதன் எதிரே நிமிர்ந்து நிற்கும் இரண்டு கயல்கள், கீழே வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். புலி சோழனுடையது. கயல் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. தோற்றவர்களின் சின்னங்களைச் சோழன் அழிக்கவில்லை. தன் புலியின் முன்னால் நிறுத்தி, தன் குடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். வரிக்கு வரி மெய்க்கீர்த்தி பேசுவதை உள்ளங்கையளவு உலோகம் படமாகச் சொல்லிவிடுகிறது, அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்படி.

ஒரு கொடி விலங்கைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, அது எந்தக் குணத்தைக் குறிக்கிறது என்பது. சிங்கம் என்றால் வீரம், கழுகு என்றால் பார்வை, சேவல் என்றால் விழிப்பு. பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும். இந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. குணத்தை வைத்து விலங்கைத் தேர்ந்த நாடு அரிது. பெரும்பாலும் விலங்கு முன்னாலேயே எங்கோ ஒரு முத்திரையில், காசில், பழைய கொடியில் இருந்திருக்கும். அதை எடுத்து மாட்டிய பிறகுதான் குணம் எழுதப்படும். காட்டில் இருந்து நேராகக் கொடிக்கு வந்த விலங்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கயலையே எடுத்துக்கொள்ளலாம். வானம் பார்த்த பூமி, கரிசல் காடு, ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடக்கும் கண்மாய்கள் என்று இருக்கும் இந்தத் தென்பாண்டிச் சீமைக்கு மீன் எப்படிக் கொடியானது? கொற்கையின் முத்தும் கடலும் காரணம் என்பார்கள், இருக்கலாம். ஆனால் கொற்கையைப் பார்த்தே இராத உள்நாட்டு ஊர்களின் கோயில் விதானங்களில் இரட்டைக் கயல் செதுக்கப்பட்டபோது அது மீனாக இல்லை, பாண்டியனின் கையெழுத்தாக இருந்தது. சிவகாசிக்குப் பெயர் தந்த கதையிலும் ஒரு பாண்டியன் உண்டு. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து லிங்கம் கொண்டு வரும் வழியில், சுமந்துவந்த பசு இந்த இடத்தில் நின்றுவிட்டதாம். ராசாவின் கொடியில் மீன் இருந்தும் முடிவெடுத்தது மாடுதான்.

இனி அந்தச் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, மறு ஆண்டு ஊரில் ஆலை தொடங்கியது தெரிந்த வரலாறு. தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட ஒரு படம் வேண்டும். படத்துக்கு அச்சகம் வேண்டும். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, இரண்டுக்கும் சேர்த்து அச்சுத் தொழில் வளர்ந்தது. கொடி விலங்குகளைப் பற்றிய கட்டுரையில் இது எங்கே வருகிறது என்றால், அரசர்கள் தம் முத்திரைக்குத் தேடிய அதே விடையைத் தீப்பெட்டி முதலாளிகளும் தேட வேண்டியிருந்தது.

பழைய தீப்பெட்டிப் படம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு அங்குல அகலம்கூட இராது. சிவப்புத் தரையில் மஞ்சள் புலி. பக்கவாட்டில் நிற்கும். கால் நான்கும் தெரியும், வால் மேலே வளைந்திருக்கும். மேலே மார்க்கின் பெயர், கீழே 'சேஃப்டி மேட்சஸ்', ஓரத்தில் 'மேட் இன் இந்தியா'. நிழல் கிடையாது, பின்னணிக் காடு கிடையாது, கறுப்புக் கோட்டுக்குள் தட்டையான நிறம். இது ஓவியரின் திறமைக் குறைவு இல்லை. கல்லச்சு நாட்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும்; நிறம் கூடினால் செலவு கூடும், ஒரு நிறம் மயிரிழை விலகி விழுந்தாலும் புலிக்கு இரண்டு முகம் வந்துவிடும். அதனால் நிறம் குறைவு, கோடு தடிப்பு. முன்னால் பார்க்கும் புலியைவிடப் பக்கவாட்டுப் புலிக்கு உருவம் தெளிவு. பெட்டிக்கடையின் மங்கலான வெளிச்சத்தில், சுருட்டு வாங்க வந்தவர் எழுத்தைப் பார்க்காமல் 'அந்தப் புலி குடு' என்று கேட்க வேண்டும். பக்கத்து ஆலைக்காரரின் சிறுத்தை அதோடு குழம்பக் கூடாது.

இந்த வழக்கமும் வெளியிலிருந்து வந்ததுதான். ஸ்வீடனும் ஆஸ்திரியாவும் ஜப்பானும் இந்தியச் சந்தைக்காகவே யானை, புலி, மான் படம் போட்ட பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தன. இங்கே ஆலை தொடங்கியவர்கள் அந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டு அணிலையும் சேவலையும் கிளியையும் சேர்த்தார்கள். காளீஸ்வரியின் சேவல் மார்க் பட்டாசுப் பெட்டியை இன்றும் பெயர் படிக்காமலேயே பிள்ளைகள் அடையாளம் காண்பார்கள். முருகன் கொடியில் இருப்பதும் சேவல்தான். பெட்டிக்கு வெளியே போதாதென்று உள்ளேயும் விலங்குகள்: குருவி வெடி, யானை வெடி, பாம்பு மாத்திரை. சீனத்துப் பட்டாசுக்காரர்களும் இப்படித்தான். ஹாங்காங்கில் பிறந்த கருப்புப் பூனை மார்க் உலகம் முழுக்கப் போயிற்று. சிங் பேரரசின் மஞ்சள் கொடியில் இருந்த டிராகன் 1912இல் கொடியோடு இறங்கிவிட்டது, பட்டாசுப் பெட்டியில் மட்டும் வேலையை விடவில்லை.

தேசியக் கொடியையே மார்க்காகப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட வியாபாரிகளுக்கு 1950இல் தடை வந்தது. சின்னங்களையும் பெயர்களையும் முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அந்த ஆண்டின் சட்டப்படி, அரசு அனுமதியின்றி நாட்டுக் கொடியும் அரசுச் சின்னமும் வணிக முத்திரையில் வரக் கூடாது. அசோகரின் சிங்கங்களுக்கு அரசு உரிமை கொண்டாடியது, காட்டுச் சிங்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மூன்று தலை தெரியாமல் ஒரே தலையோடு நின்றால் பெட்டியில் ஏறலாம்.

லேபிளுக்கான இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகக் கொடிகளைப் பார்த்தால் பல விஷயம் பிடிபடும். அல்பேனியாவின் இரட்டைத்தலைக் கழுகு சிவப்பில் கறுப்பு, இரண்டே நிறம். 1912இல் விடுதலை அறிவித்தபோது ஏற்றிய அந்தக் கழுகு, பதினைந்தாம் நூற்றாண்டில் துருக்கியரை எதிர்த்த ஸ்கந்தர்பெகின் கொடியில் இருந்தது. அவருக்கு முன்னால் பைசாந்தியப் பேரரசில் இருந்தது. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் அதே ஊற்றிலிருந்துதான் எடுத்தன. இரண்டு தலைக் கழுகை யாரும் பார்த்ததில்லை, விசயநகரக் காசிலும் மைசூர்ச் சின்னத்திலும் உள்ள கண்டபேரண்டத்தைப் பார்த்தவர்களும் இல்லை. பூடானின் டிராகனும் அப்படியே. மெக்சிகோவின் கழுகு பாம்பைக் கவ்வியபடி கள்ளிச் செடியில் நிற்பது அஸ்டெக் மக்களின் தலைநகர் தோன்றிய கதை. ஜிம்பாப்வேயின் பறவை, பாழடைந்த கல் நகரத்தில் கிடைத்த மாக்கல் சிற்பங்களின் நகல். எந்தப் பறவை என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உகாண்டாவின் கொண்டைக் கொக்கு காட்டில் வாழ்வது உண்மை, ஆனால் அதை முதலில் சின்னமாக்கியது பிரிட்டிஷ் ஆட்சி. மெய்யான விதிவிலக்கு என்றால் டொமினிகாவின் ஊதா நெஞ்சுக் கிளி; அந்தத் தீவை விட்டால் வேறு எங்கும் இல்லாத பறவை. பாப்புவா நியூகினியாவின் சொர்க்கப் பறவையையும் சேர்க்கலாம். 1971இல் அந்தக் கொடியை வரைந்தவர் 15 வயதுப் பள்ளி மாணவி.

கொடிக்கு லேபிளில் இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. லேபிள் ஒட்டிய இடத்தில் நிற்கும். கொடி தலைகீழாகவும் தொங்கும். சயாமின் பழைய கொடி சிவப்பில் வெள்ளை யானை. 1916இல் வெள்ளம் பாதித்த ஊர் ஒன்றைப் பார்க்கப் போன அரசர் வஜிராவுத், மக்கள் மரியாதைக்காகக் கட்டியிருந்த கொடியில் யானை காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடப்பதைக் கண்டாராம். எப்படித் தொங்கவிட்டாலும் ஒன்றுபோல் இருக்கும் பட்டைகளுக்கு மாறியதன் பின்னணியாகத் தாய்லாந்தில் சொல்லப்படும் கதை இது. 1917 செப்டம்பரில் இன்றைய மூவண்ணக் கொடி வந்தது, யானை போயிற்று. விலங்கு இல்லாத கொடியைத் தைப்பது சுலபம் என்பதையும் அரசர்கள் கணக்கில் வைத்திருக்கலாம்.

இன்னொரு விதி, விலங்கின் முகம் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொடியைத் தூக்கிக்கொண்டு படை முன்னேறும்போது துணி பின்னால் பறக்கும். கம்பத்தைப் பார்க்கும் விலங்கு முன்னால் பாய்வது போலத் தெரியும், மறுபக்கம் பார்த்தால் புறமுதுகு காட்டி ஓடுவது போல ஆகிவிடும். சின்ன விதிதான். ஆனால் நம் பக்கத்துத் தீவில் இந்த விதி ஒரு பெரிய மனக்கசப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இலங்கைத் தேசியக் கொடியின் சிங்கம் கண்டி அரசின் சிங்கம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பட்டத்துக்கு வருமுன் அவர் பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் வழியினர்; கண்டி அரசர்கள் மதுரையில் பெண்ணெடுத்து, பிள்ளையில்லாமல் போனபோது அரசியின் சகோதரன் அரியணை ஏறியதில் தொடங்கிய வழி அது. திருமலை நாயக்கரின் அரண்மனை ஒன்று திருவில்லிபுத்தூரில் இன்றும் நிற்கிறது. அந்த நாயக்கர் உலகத்தின் கடைசிக் கிளை கண்டி மலையில் சிங்கக் கொடிக்குக் கீழே ஆண்டது. 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகளும் பிரிட்டிஷாரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அரசர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்ற பெயரில் அவர் நினைவிடம் இருக்கிறது. கொடி இலண்டனுக்குப் போயிற்று. தோற்றவனின் விருதை எடுத்துச் செல்லும் வழக்கம் விருதுபட்டிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

இலண்டன் செல்சியில் உள்ள முதிய படைவீரர் இல்லத்தில் அந்தக் கொடி கிடப்பதை வழக்கறிஞர் ஈ.டபிள்யூ. பெரேரா கண்டெடுத்தார். ஒப்பந்தத்தின் நூறாம் ஆண்டான 1915இல் 'தினமின' நாளிதழ் அதன் படத்தை வெளியிட்டபோது, நூறாண்டாக யாரும் பார்த்திராத சிங்கம் மறுபடி வீட்டுச் சுவருக்கு வந்தது. அடுத்த ஆண்டு பெரேரா சிங்களக் கொடிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதற்கிடையில் பிரிட்டிஷ் இலங்கைக்கு ஒரு சின்னம் இருந்தது: தூபியின் முன்னால் நிற்கும் யானை. நீலக் கொடியில் அந்த யானை 1948 வரை இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்காமல் போக முடியாது. தீவின் காடெங்கும் திரிந்த, பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமந்த யானை, வெள்ளைக்காரனின் சின்னம் என்று விலக்கப்பட்டது. வரலாற்றுக் காலத்தில் தீவில் வாழ்ந்தே இராத சிங்கம் மண்ணின் சின்னம் என்று ஏற்றப்பட்டது. அங்கே உள்ள பெரும்பூனை சிறுத்தை ஒன்றுதான். சிங்கம் வந்தது மகாவம்சத்தின் வழியாக. சிங்கத்தின் பேரன் விசயன் கப்பலில் வந்து இறங்கியதாக அது சொல்லும். அதே மகாவம்சம், விசயன் மதுரைப் பாண்டியனின் மகளைக் கேட்டு மணம் முடித்ததாகவும் சொல்கிறது. சிங்கக் கதையின் முதல் தலைமுறையிலேயே கயல் வீட்டுப் பெண் இருக்கிறாள்.

1948 ஜனவரி 16ஆம் தேதி, கண்டி அரசரின் சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. கிழக்கு மாகாணத்து முஸ்லிம் தலைவர் அவர். ஆகவே தொடக்கத்தில் அது ஓர் இனத்தின் கொடி என்று எல்லோரும் நினைத்ததாகச் சொல்ல முடியாது, வெள்ளையன் பறித்ததை மீட்பது என்ற உணர்ச்சியும் அதில் இருந்தது. ஆனால் எதிர்ப்பு எழுந்தது. பண்டாரநாயக தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். ஜெயவர்தன, கொத்தலாவல, ஜாயா, ஜி.ஜி. பொன்னம்பலம், செனட்டர் நடேசன் ஆகியோர் அதில் இருந்தார்கள். சிங்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பத்தின் பக்கம் தமிழருக்கு ஒரு காவிப் பட்டை, முஸ்லிம்களுக்கு ஒரு பச்சைப் பட்டை என்று குழு தீர்த்தது. நடேசன் ஒப்பவில்லை. 1951இல் கொடி ஏற்கப்பட்டது. 1972இல் நான்கு மூலைகளிலும் அரசிலை வந்தது.

கொடியை இப்போது தைப்பவனின் கண்ணோடு பாருங்கள். விலங்கு கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. கண்டிச் சிங்கம் வலது முன்காலில் ஓங்கிய வாளோடு நிற்கும் சிங்கம். பட்டைகளைக் கம்பத்தின் பக்கம் வைத்தார்கள். விளைவு: வாளேந்திய சிங்கம் தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் பட்டைகளை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நிற்கிறது, நடுவே ஒரு மஞ்சள் வேலியோடு. யாரும் திட்டமிட்டு இப்படி வரைந்ததாக நான் நினைக்கவில்லை. பட்டைகளைச் சிங்கத்தின் பின்னால் வைத்திருந்தால் துரத்தி விட்டதாகச் சொல்லியிருப்பார்கள் என்பதும் உண்மைதான். சிக்கல் பட்டை இருக்கும் இடத்தில் இல்லை. ஒரு விலங்கை ஓர் அரச மரபிலிருந்து முழு உருவமாக எடுத்து நடுவில் வைத்துவிட்டால், மற்றவர்களுக்கு எஞ்சுவது ஓரம்தான். பட்டைக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது, சிங்கத்துக்கு எல்லாம் இருக்கிறது.

அதற்குப் பதிலாக எழுந்த விலங்கும் தீவில் இல்லாததே. புலிகள் இயக்கத்தின் சின்னத்தில் குண்டுகளாலான வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் புலித் தலை, 1970களின் பின்பாதியில் மதுரை ஓவியர் ஒருவர் வரைந்து கொடுத்தது. மூலம் சோழனின் புலி. பாண்டிய நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து, சோழச் சின்னத்தை, ஈழத்துக்காக வரைந்திருக்கிறார்கள். சிங்கத்தின் ஒரு வேர் மதுரை நாயக்கர் வழி, புலியை வரைந்த கை மதுரைக் கை. 1992 முதல் அந்த இயக்கம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2009இல் போர் முடிந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் கொடியில் இருந்தது நந்தி, அவர்கள் வெளியிட்ட சேதுக் காசிலும் நந்திதான். தீவின் தமிழர்களுக்கு என்று வரலாற்றில் இருந்த அந்தக் காளையை விட்டுவிட்டு, கடல் கடந்த சோழனின் புலியைத் தேர்ந்ததற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. எதிரே நிற்பது சிங்கம். அதற்கு எதிரில் மாட்டை நிறுத்த யாருக்கும் மனம் வராது. மார்க் என்றால் பக்கத்துக் கடைக்காரரின் மார்க்கைப் பார்த்துத்தான் முடிவாகும்.

பாயும் புலி தமிழ்நாட்டுக் கட்சிக் கொடியிலும் உண்டு. நேதாஜி ஜெர்மனியில் திரட்டிய இந்தியப் படையின் மூவண்ணக் கொடியில் பாயும் புலி இருந்தது. ஃபார்வர்ட் பிளாக்கின் செங்கொடியில் அதே புலி இன்றும் பாய்கிறது. அருப்புக்கோட்டையிலும் திருவில்லிபுத்தூரிலும் மக்களவைக்கு வென்ற முத்துராமலிங்கத் தேவரின் கட்சி அது என்பதால் இந்த வட்டாரச் சுவர்களுக்கு அந்தப் புலி பழக்கம். ஆனால் அக்கட்சியின் தேர்தல் சின்னம் சிங்கம். கொடியில் புலியையும் வாக்குச்சீட்டில் சிங்கத்தையும் வைத்துக்கொண்டு எந்தக் குழப்பமும் இல்லாமல் ஒரு கட்சி நடக்கிறது என்றால், குணப் பட்டியல்கள் எவ்வளவு தேவைப்படாதவை என்று பார்த்துக்கொள்ளலாம்.

சிவகாசி அச்சகங்களுக்கு விலங்குகள் தேர்தல் வேலையாகவும் வந்தன. 1989 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. அந்தக் குளிர்காலத்தில் தமிழ்நாட்டுச் சுவர்கள் பறவைச் சரணாலயம் போல இருந்தன. கொஞ்ச நாளில் இலை திரும்பி வந்தது; சேவல் பட்டாசுப் பெட்டிக்கும் முருகனுக்கும் மட்டும் என்று ஆனது. 1991க்குப் பிறகு தேர்தல் ஆணையம் விலங்கு, பறவைச் சின்னங்களைப் புதிதாக ஒதுக்குவதை நிறுத்திவிட்டது. சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்க உயிருள்ள பிராணிகளை ஊர்வலத்தில் இழுத்து வந்து வதைத்தார்கள் என்ற புகார்தான் காரணம். பகுஜன் சமாஜின் யானையும் ஃபார்வர்ட் பிளாக்கின் சிங்கமும் பழைய சின்னங்கள் என்பதால் தப்பின. படம் படமாக இருக்கும்வரை அதற்கு வலிக்காது. ஆளுக்கொரு சேவலைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் அது உயிர் என்பது ஆணையத்துக்கு நினைவூட்டப்பட்டது.

இந்தியக் கொடியில் விலங்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 1947 ஜூலை 22ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம். அந்தச் சக்கரம் எடுக்கப்பட்ட இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சாரநாத் தூணின் தலைப்பகுதியில், நான்கு சிங்கங்களின் காலடியில் வட்டமான பீடம் ஒன்று சுற்றி வருகிறது. அதில் யானை, குதிரை, காளை, சிங்கம் என்று நான்கு விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சக்கரம். ஆக, மேலேயும் விலங்கு, இருபுறமும் விலங்கு. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து விலங்கில்லாத ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்துக் கொடியில் வைத்தார்கள். சிங்கங்கள் 1950 ஜனவரி 26இல் அரசுச் சின்னமாயின. நாணயத்துக்கும் கோப்புக்கும் சிங்கம், தெருவில் பறப்பதற்குச் சக்கரம் என்ற இந்தப் பிரிவினை அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது சபையின் மிக நல்ல முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது. புலி வைத்திருந்தால் சோழனும் திப்புவும் வங்கமும் உரிமை கோரியிருப்பார்கள். காளை, கருடன், பன்றி, மயில் என்று எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு பழைய அரச வீடோ தெய்வமோ சொந்தம். பல்லவனின் காளையும் சாளுக்கியனின் பன்றியும் ஒன்றோடொன்று போரிட்ட நாடு இது. சக்கரத்துக்கு மேல் கீழ் கிடையாது, முன் பின் கிடையாது. சயாம் அரசர் கண்ட சங்கடமும் கண்டிச் சிங்கத்தின் சங்கடமும் அதற்கு வராது.

தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தில் இவையெல்லாம் ஒரே படத்துக்குள் இருக்கின்றன. நடுவில் கோபுரம், அதன் முன்னே சாரநாத் சிங்கங்கள், இருபுறமும் தேசியக் கொடி. 1949இல் அதை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். கோபுரம் திருவில்லிபுத்தூருடையது என்பது ஊரறிந்த நம்பிக்கை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்ததாக ஓவியர் சொன்னார் என்பாரும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் இந்த வழக்கை விட்டுக்கொடுப்பதாக இல்லை, விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

அந்தக் கோபுரத்தின் ஊரில் ஆடிப்பூர விழா கொடியேற்றத்தோடு தொடங்கும். கொடிப்பட்டத்தில் இருப்பவர் கருடன். பட்டத்தை மாட வீதியில் சுற்றிக் கொண்டுவந்து, கொடிமரத்துக்குத் தர்ப்பையும் மாவிலையும் கட்டி ஏற்றுவார்கள். விழா முடிந்ததும் முறைப்படி இறக்கிவிடுவார்கள். சிவன் கோயிலானால் பட்டத்தில் நந்தி. கருடன் ஏறியிருக்கும்வரை ஊரில் விழா நடக்கிறது என்று பொருள், அவ்வளவே. யார் ஆள்கிறார்கள் என்று அது சொல்வதில்லை. அடுத்த தெருக் கோயிலின் நந்திக்கு எதிராகவும் பறப்பதில்லை. ஏற்றுவதைப் போலவே இறக்குவதற்கும் ஒரு நாள் குறித்த ஒரே விலங்குக் கொடி அதுதான் என்று நினைக்கிறேன்.

1970களின் தொடக்கம் வரை இந்தியாவின் தேசிய விலங்கு சிங்கம். பிறகு அந்த இடத்துக்குப் புலி வந்தது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. சிங்கத்துக்குக் கிர் காடு மட்டும், புலிக்கோ நாட்டின் பல காடுகள் என்ற நடைமுறைக் கணக்கும் இதில் இருந்தது. ஒரு நாட்டின் விலங்கையே மாற்றிவிட்டார்கள், தெருவில் ஒரு சலசலப்பு இல்லை. கொடியில் அந்தச் சிங்கம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு அந்த மலை சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகத்தான் பெயர் பெற்றிருந்தது. சிவகாசிப் பெட்டிகளில் புலியும் அணிலும் அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டன.